மகள் வளர்த்த ஐந்து புழுக்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறு வாரம் நடந்தது இது. எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரம்பலூர் டவுனில் உள்ள ஓர் உரம், பூச்சிமருந்துக் கடையில் நான் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். காலையில் கடை திறந்ததும் ஓர் இலையையோ குருத்தையோ கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "என்னன்னு பாருங்க" என்று நீட்டுவார்கள். இலையில் இருக்கும் ஓட்டையைப் பார்த்தே எந்தப் புழு, எந்த மருந்து, டேங்குக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு அருகில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதில் பறவை எச்சம் போல ஐந்து இடத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். எச்சம் நகர்ந்தது. நான் பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டையும் மொட்டையடிக்கிற புழு. கிள்ளிப் போட்டு நசுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"அப்பா, விடுங்கப்பா. இது பட்டாம்பூச்சியோட புழு. எங்க சயின்ஸ் டீச்சர் சொன்னாங்க. நான் வளக்கப் போறேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே புழுவைக் கொல்ல என்னிடம் வருகிறது, என் வீட்டிலேயே வளர்ப்பா என்று. என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "வூட்டுக்குள்ள புழுவா? சோறு திங்கிற எடத்துல அதெல்லாம் கூடாது" என்று சொல்லிவிட்டாள். மகள் விடவில்லை. கடைசியில் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது, தினமும் டப்பாவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பா ஒன்று, உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக்கில், பெரியதாக இருந்தது. வேண்டாம் என்று சொன்ன என் மனைவிதான் தையல் மிஷினில் உட்கார்ந்து, பழைய கொசுவலைத் துண்டில் எலாஸ்டிக் வைத்து அதற்கு ஒரு மூடி தைத்துக் கொடுத்தாள். டப்பா, முன்னறை ஜன்னல் பக்கத்தில் டிவி ஸ்டாண்டில் இடம் பிடித்தது.

இரண்டு நாளில் சலித்துவிடும் என்றுதான் நினைத்தேன். மகளுக்குச் சலிக்கவில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே டப்பாவைத் திறப்பாள். புழுக்கள் இருக்கிற குச்சியை அப்படியே வெளியே எடுத்து வைத்துவிட்டு, கழிவைக் கொட்டி, புதுப் பேப்பர் விரித்து, புது இலை வைப்பாள். புழுவைக் கையால் தொடமாட்டாள். போன வருடத்து நோட்டில் மீதியிருந்த பக்கங்களில், தேதி போட்டு, எத்தனை இலை தின்றது, எது தோல் உரித்தது, ஸ்கேலில் எவ்வளவு நீளம் என்று எழுதிவைத்தாள். ஐந்துக்கும் பெயர் வைக்காமல் நம்பர் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பேரு வச்சா பாசம் வந்துரும்பா, அப்புறம் பறக்க விட மனசு வராது" என்றாள்.

கொல்ல வேண்டிய பூச்சியாக மட்டுமே புழுவைப் பார்த்தவன் நான். ஓர் இலையின் விளிம்பில் உட்கார்ந்து, தலையை மேலிருந்து கீழே இறக்கி இறக்கி அது அரிசி அளக்கிற மாதிரி ஒழுங்காகத் தின்பதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் டப்பாவை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கே வந்துவிட்டது. பத்து நாளில் நான்கு புழுக்கள் பழைய எச்ச நிறத் தோலை உரித்துவிட்டுப் பச்சைப் பசேல் என்று மாறின. குச்சியை ஆட்டிச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு மாதிரி வாடை விடும். ஐந்தாம் நம்பர் மட்டும் பின்தங்கிவிட்டது. அது இன்னும் பழைய நிறத்திலேயே ஒரு குச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அதற்குள் எங்கள் செடி மொட்டையாகிவிட்டது. பச்சைப் புழு தின்கிற தீனி சாதாரணமில்லை. மகள் கவலைப்பட ஆரம்பித்தாள். "எலைய நான் கொண்டாரேன். அப்பாவுக்கு இந்த மாவட்டத்துல கருவேப்பிலை கெடைக்காதா?" என்று நான் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாளே கடைக்கு ஒரு விவசாயி வந்தார். கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் கறிவேப்பிலை போட்டிருப்பவர். பல வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். "புழுவுக்காண்டி கேக்குறீங்க. சரி, கொடுத்தனுப்புறேன்" என்றார். சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய கட்டாக ஒன்று கடைக்கு வந்துசேர்ந்தது. ஒவ்வோர் இலையும் கரும்பச்சையாக, ஒரு ஓட்டை இல்லாமல், எண்ணெய் தடவியது போல மின்னியது. மகளிடம் அதை நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாதிக் கட்டை என் மனைவி சமையலுக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? பாப்பா அழுதுக்கிட்டே இருக்கு. புழுவெல்லாம் என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் டப்பாவைத்தான் பார்த்தேன். மூன்று பச்சைப் புழுக்கள் பேப்பரில் விழுந்து சுருண்டு கிடந்தன. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் வடிந்திருந்தது. நான்காவது தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இது பூச்சிமருந்தின் வேலை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை. மருந்தின் வேகத்தை விவசாயிகளுக்குக் காட்ட, வயலில் இதே காட்சியைப் போட்டோ எடுத்து எத்தனையோ பேருக்கு நானே அனுப்பியிருக்கிறேன். பாருங்கள், எப்படி விழுந்து கிடக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்பதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ ஒண்ணும் பண்ணல பாப்பா. புழுன்னா அப்புடித்தான். சிலது பொழைக்கும், சிலது செத்துப் போவும்" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அவளை ஆறுதல்படுத்தத்தான் சொன்னேன் என்று அந்த நிமிடம் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அவள் நோட்டை எடுத்துத் திருப்பினாள். நேற்றும் இன்றும் எழுதியதை வரிவரியாகப் படித்தாள். பிறகு டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, ஐந்தாம் நம்பர் புழுவைக் காட்டினாள். அது அப்போதுதான் தோலை உரித்துப் பச்சையாகியிருந்தது. உயிரோடு, நன்றாக இருந்தது.

"அப்பா, இது நேத்துலருந்து ஒண்ணுமே திங்கல. தோல் உரிக்கிறப்ப திங்காது. மத்த நாலும் காலைல வச்ச புது எலையத் தின்னுச்சு. தின்னது செத்துப்போச்சு. திங்காதது நல்லாருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள். "இந்த எலைக்கு மருந்து அடிச்சிருக்காங்களா?"

பதினோரு வயதுப் பிள்ளை. அழுத கண்ணோடு உட்கார்ந்து, தான் எழுதிவைத்ததை வைத்தே கணக்காகக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த இடத்தில் எனக்குப் பெருமையும் அவமானமும் சேர்ந்தே வந்தன. இதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் முன்னாலேயே அந்த விவசாயிக்குப் போன் போட்டேன். "அடிச்சு நாலு நாள் ஆவுதுங்களே. நீங்க கொடுத்த மருந்துதான். நல்லாக் கேட்டுச்சு, ஒரு புழு இல்ல" என்றார் அவர், என்னைப் பாராட்டுகிற குரலில்.

போனை வைத்துவிட்டு மகளிடம் சொன்னேன். "ஆமா பாப்பா. மருந்து அடிச்ச எலைதான். அந்த மருந்த அவருக்குக் கொடுத்ததே நான்தான். எனக்கு நெனப்பு வந்திருக்கணும். வரல. மொதல்ல ஒங்கிட்ட சொன்னது பொய்."

அவள் கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு கேள்வி கேட்டாள்.

"கழுவுனா போவாதா?"

"மேலாக் கழுவுனா முழுசாப் போவாது."

"அப்ப எத்தன நாள் கழிச்சுப் பறிக்கணும்?"

எனக்கு விடை தெரியும். பாட்டிலோடு வருகிற மடித்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் அதுவரை கடையில் ஒருவர் கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொன்னதில்லை. எத்தனை மில்லி என்று மட்டும் சொல்லியே அத்தனை வருடத்தையும் ஓட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னேன், மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். "இந்த எலையிலதாங்க காலைல ரசம் தாளிச்சேன். நாம மூணு பேரும் சாப்பிட்டோம்" என்றாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அவள் உள்ளே போய் ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து, பின்பக்கம் கொட்டிவிட்டு, மீதிக் கட்டையும் குழி தோண்டிப் புதைத்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான்காவது புழுவும் பொழுது சாய்வதற்குள் செத்துவிட்டது.

மகள் டப்பாவை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாம் நம்பரைக் குச்சியோடு ஒரு டம்ளரில் நிறுத்தினாள். எங்கள் மொட்டைச் செடியில் துளிர்த்திருந்த நாலைந்து கொழுந்தைக் கிள்ளிக் கொடுத்தாள். அது அன்றைக்குக்கூடப் போதாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு இலை தேடக் கிளம்பினேன். இந்த முறை பெருமையடிக்கவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் கேட்டோம். ஒருவர் போன வாரம்தான் ஏதோ அடித்தாராம். இன்னொருவர் என்ன அடித்தோம் என்று ஞாபகமில்லை என்றார். அடுத்த ஊரில் ஒரு வீட்டில், "நீங்க கொடுத்த மருந்துதாங்க" என்று என்னிடமே சொன்னார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் விற்கிற மருந்து எனக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றது போல இருந்தது. மகள் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மலையடிவாரம் பக்கம் போகிற ரோட்டில், ஓர் ஓட்டு வீட்டின் குளியலறைத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரமாக உயரமான கறிவேப்பிலை மரம் ஒன்று நின்றது. வீட்டுக்கார அம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"மருந்தா? குளிக்கிற தண்ணிய குடிச்சு அது பாட்டுக்கு வளருது. அதுக்குப் போயி யாரு மருந்து அடிப்பா? எதுக்குக் கேக்குறீங்க?" என்றார்.

மகள் விஷயத்தைச் சொன்னாள். நாலு புழு செத்ததையும் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அடப் பாவமே. எவ்வளவு வேணுமோ ஒடிச்சுக்க கண்ணு. தீந்துபோனா மறுபடி வா" என்றார்.

எட்டுகிற கிளையில் அழகான இலையாகப் பார்த்து நான் ஒடிக்கப் போனேன். மகள் தடுத்தாள். வேறு ஒரு கிளையைக் காட்டினாள். அதில் இலைகள் ஓரமெல்லாம் அரித்து, ஓட்டையாக இருந்தன.

"இத ஒடிங்கப்பா. இதுல ஏற்கனவே புழு தின்னுருக்கு. அப்ப இது நல்ல எலை" என்றாள்.

ஓட்டை விழுந்த அந்த இலைகளை ஒடித்து அவள் கையில் கொடுத்தேன். அதே மாதிரி இலையைக் காட்டித்தான் தினமும் என்னிடம் மருந்து கேட்கிறார்கள். அதை நல்ல இலை என்று சொல்கிற ஓர் ஆளை அன்றுதான் பார்த்தேன், அது என் மகள்.

ஐந்தாம் நம்பர் பிழைத்துக்கொண்டது. அடுத்த வாரத்தில் சுண்டுவிரல் அளவுக்குப் பெருத்தது. இரண்டு முறை அந்த அம்மா வீட்டுக்குப் போய் இலை வாங்கி வந்தோம். ஒருநாள் திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டு டப்பா முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பயந்துவிட்டேன். மகள், டீச்சர் சொல்லி நோட்டில் குறித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கூடு கட்டப் போவுதுப்பா" என்றாள். குச்சியில் சாய்வாக ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு மெல்லிய நூலைப் பெல்ட் மாதிரிக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. மறுநாள் பார்த்தால் புழு இல்லை. பச்சை நிறத்தில், இலைத் துண்டு போல ஒரு கூடு மட்டும்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் புழு கூடாது என்று சொன்ன என் மனைவிதான் இப்போது தைக்கிற ஒவ்வொரு துணிக்கு நடுவிலும் எழுந்துபோய்க் கூட்டைப் பார்த்துவிட்டு வருவாள். பன்னிரண்டாவது நாள் கூடு கறுத்தது. மகள் கண்ணாடி மாதிரி இருந்த தோல் வழியாக உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிவதை எங்களுக்குக் காட்டினாள். மறுநாள் அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை. பஸ்ஸுக்குப் போகும்போது நோட்டை என் கையில் கொடுத்து, "வெளிய வந்தா மணி பாத்து எழுதி வைங்கப்பா. கை வச்சிராதீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

பஸ் போய்க் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. கூட்டின் மேல்பக்கம் விரிந்தது. ஈரமாக, கசங்கிய காகிதம் போல ஒன்று வெளியே வந்து குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நான் உடனே மணி பார்த்து எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கை நீண்டு, விரிந்து, கன்னங்கரேல் என்று ஆனது. பின் இறக்கையின் குறுக்கே வரிசையாக வெள்ளைத் திட்டுகள். நானும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்குத் தாமதமாக வருகிறேன் என்று போனில் சொன்னதற்கு முதலாளி காரணம் கேட்டார். பட்டாம்பூச்சி என்று சொன்னேன்.

அன்றைக்கு வெயிலே வரவில்லை. தூறல் போட்டுக்கொண்டே இருந்ததால் அது பறக்க முயலாமல் குச்சியிலேயே இருந்தது. மகள் பரீட்சை முடிந்து ஓடிவந்தாள். அவள் வந்த பிறகுதான் வானம் வெளுத்தது. டப்பாவைப் பின்பக்கம் தூக்கிப் போய் மூடியை எடுத்தாள். அது இரண்டு முறை இறக்கையைத் திறந்து மூடிவிட்டு, எழுந்து, சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அவள் அழவில்லை. நோட்டில் மணி எழுதினாள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மகள் காலிக் கூட்டையும் நோட்டையும் ஓர் அட்டையில் ஒட்டிய படங்களையும் மேஜையில் வைத்து நின்றாள். பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். பார்க்க வந்த பெரியவர் ஒருவர், வேறு ஊர் ஆசிரியர் என்று நினைக்கிறேன், நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"அஞ்சுல நாலு செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கியேம்மா, ஏன்?"

கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள். மெல்ல நழுவிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

"புதுசா வச்ச எலையில மருந்து இருந்துச்சு சார். அது எங்கப்பா வேலை பாக்குற கடை மருந்துதான்" என்றாள் மகள், தயங்காமல்.

"அது ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நான் கேட்டேன். எங்கப்பா மறைக்காம சொன்னாங்க சார். எத்தன நாள் கழிச்சுப் பறிக்கணும்னும் சொல்லிக்கொடுத்தாங்க. அதையும் எழுதியிருக்கேன், பாருங்க" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "அதோ நிக்கிறாங்க பாருங்க, அவங்கதான் எங்கப்பா" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் நான் சொன்ன பொய்யை அவள் சொல்லவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுவிட்டாளா என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

அந்தக் கறிவேப்பிலை விவசாயியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் பதறிவிட்டார். "எனக்கு யாருமே சொல்லலயே. எங்க வூட்லயும் அதத்தானே சாப்புடுறோம்" என்றார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது அவர் வீட்டுக் காலண்டரில் மருந்து அடித்த தேதியையும் பறிக்கலாம் என்கிற தேதியையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். கடையில் நான் பாட்டிலை எடுப்பதற்கு முன் "எப்ப அறுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். புழு கொஞ்சமாக இருந்தால், கையால் பொறுக்கிப் போடுங்கள், இப்போது மருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் உண்டு. முதலாளி ஆரம்பத்தில் முணுமுணுத்தார். பிறகு என்னைக் கேட்டே ஆட்கள் வர ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்.

பிள்ளைகள் கண்ணுக்கு அப்பா தப்பே செய்யாத ஆளாகத் தெரிய வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தப்பை ஒப்புக்கொண்ட அப்பாவைத்தான் என் மகள் அத்தனை பேர் நடுவில் கைநீட்டிக் காட்டினாள். அந்தப் பெருமைக்குத் தகுந்தவனாக இருக்க வேண்டுமே என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு நாளும் கடைக்குக் கிளம்புகிறேன்.